பிரேக் பெடலின் பின்னும் புஷ்ஷும்: குமரி மாவட்டப் பட்டறைகளில் இந்த வேலை எப்படி நடக்கிறது?

டிஎன் 74, டிஎன் 75 நம்பர் பலகையோடு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பத்மினி வண்டிகளில் பிரேக் குறை என்று பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மாஸ்டர் சிலிண்டர் போச்சு, மாத்திரலாம்." மிதியை ஆயில் அழுத்தமாக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும் அந்தச் சிலிண்டரை மாற்றுகிறார்கள், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுக்கிறார்கள், காசு வாங்குகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பெடலில் அதே ஆட்டம், அதே ‘டக்’ சத்தம். காலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் சில்லறைச் சாமான்களை யாரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். பெடல் ஊசலாடும் ஷாஃப்ட், அதைச் சுற்றி உட்காரும் வளையமான புஷ், பெடலையும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடையும் கோக்கும் கிளவிஸ் பின், பின் கழன்றுவிடாமல் காக்கும் ஸ்பிளிட் பின், பெடலை இழுத்து மேலே கொண்டுவரும் ஸ்பிரிங், ஸ்டாப் லைட் சுவிட்ச். அவ்வளவுதான். எல்லாம் புதிதாகப் போட்டாலும் ஒரு மாஸ்டர் சிலிண்டர் விலைக்கு வராது.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் இந்த வேலை எந்தத் தரத்தில் கிடைக்கிறது என்பதற்கான மதிப்பீடு இது. கடைப் பெயர் எதுவும் இருக்காது. ஒரே கடையில் முழுதாக முடிகிற வேலையும் இல்லை இது. கண்டுபிடிப்பவர் ஒருவர், பின் கடைந்து தருபவர் இன்னொருவர், சாமான் விற்பவர் மூன்றாமவர். மூவருக்கும் தனித்தனியாகத்தான் மார்க் போட முடியும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். லேத் வேலைக்கு முழு மார்க். பழைய டாக்ஸி வண்டிகளைப் பார்த்துப் பழகிய சிறு பட்டறைகள் குறையைக் கண்டுபிடிப்பதில் கெட்டி, வேலையை முடித்துக் கொடுப்பதில் அலட்சியம். கண்ணாடி போட்ட வரவேற்பறை வைத்த புதுக் கேரேஜ்களில் இது நேர்மாறு: சுத்தமாக முடிப்பார்கள், ஆனால் பெடலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்க மாட்டார்கள். ஸ்பேர் கடைகளில் கிடைப்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்.

பட்டறைக்குப் போகும் முன்

வண்டியைக் கொடுப்பதற்கு முன்பு கால் மணி நேரம் செலவழித்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. எஞ்சினை நிறுத்துங்கள். பூஸ்டர் (எஞ்சின் வேக்குவத்தால் மிதிக்குப் பலம் கூட்டும் டப்பா) உள்ள வண்டி என்றால் பெடலை நாலைந்து முறை நன்றாக மிதித்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைக் காலி செய்யுங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பெடல் ரப்பருக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றிக்கொண்டு, காலால் வேண்டாம், ஒரு விரலால் பெடலை மெல்ல அழுத்துங்கள். கனம் எதுவும் இல்லாமல் கொஞ்ச தூரம் போகும், பிறகு விரலுக்கு எதிர்ப்புத் தெரியும். அந்தக் கொஞ்ச தூரம்தான் பிளே. மாருதியின் சிறிய வண்டிகளில் இது சாதாரணமாக 1 முதல் 8 மி.மீ. வரை இருக்கலாம். 10, 15 என்று போனால் எங்கோ தேய்ந்திருக்கிறது. பிளே கொஞ்சமும் இல்லை என்றால் அது அதைவிடக் கெட்ட செய்தி, ஏன் என்று பின்னால் வருகிறது.

அடுத்து, பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இடம் வலமாக ரப்பர் நன்றாக அசைந்தால் ஷாஃப்ட் புஷ் போய்விட்டது. பிறகு டார்ச்சோடு ஒருவர் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று கையால் பெடலை மெல்ல அழுத்தி விட வேண்டும். படுத்திருப்பவர் பார்க்க வேண்டியது ஒரே இடம்: பெடல் தண்டும் புஷ் ராட்டின் கவட்டை முனையான யோக்கும் சேரும் மூட்டு. பெடல் தண்டு நகர ஆரம்பித்த பிறகும் ராடு ஒரு கணம் அசையாமல் நின்றால், அந்த இடைவெளி பின்னும் ஓட்டையும் தேய்ந்ததால் வந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் மூட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு பெடலை அசைக்கச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் ஆட்டம்கூட விரலுக்குத் துல்லியமாகத் தெரியும்.

அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்கலாம். பெடல் ஒரு நெம்புகோல். பூஸ்டர் இல்லாத வண்டியில் அதன் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பின்னில் 0.5, பெடல் தண்டின் ஓட்டையில் 0.5, யோக்கின் காதுகளில் 0.4 என்று தேய்ந்திருந்தால் மொத்தம் 1.4 மி.மீ. காலடியில் அது 7 மி.மீ. ஆகிறது. அதோடு மாஸ்டர் சிலிண்டரில் இருக்க வேண்டிய நியாயமான இடைவெளிக்கான 5 மி.மீ. சேர்ந்தால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 12 மி.மீ. பெடல் வீணாகிவிடும். வடசேரிக்கும் பார்வதிபுரத்துக்கும் நடுவே ஊர்ந்து போகும்போது இதனால் ஒன்றும் ஆகாது. கோதையாறு மலைப்பாதையில் டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கும் தேய்ந்திருக்கிற நேரத்தில், அந்த 12 மி.மீ. இல்லாததால் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

எல்லாப் பெடல் குறையும் இந்த மூட்டால் வருவதில்லை, அதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முதல் மிதியில் கீழே போய், இரண்டு முறை பம்ப் அடித்ததும் மேலே வந்தால் பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது. பஞ்சு போல் அமுங்கினால் ஏர். ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரைச் சந்தேகிக்க வேண்டும். சத்தத்தோடு கூடிய வெற்று ஆட்டம், கால் எடுத்ததும் சோம்பலாக மேலே வருவது, சூடானதும் பிரேக் பிடித்துக்கொள்வது, இந்த மூன்றும்தான் நம் விஷயம்.

கண்டுபிடிக்கும் பட்டறைகள்

பழைய டாக்ஸி பட்டறைகளின் பலம் இங்கேதான். அம்பாசடரின் தரைப் பெடலைப் பார்த்து வளர்ந்த கைகள் என்பதால், பெடல் என்றதும் முதலில் வண்டிக்கு அடியில் போவார்கள். பழைய அம்பாசடரில் மாஸ்டர் சிலிண்டரும் பெடல் ஷாஃப்டும் தரைக்குக் கீழே சேறும் தண்ணீரும் தெறிக்கிற இடத்தில் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டத்தில், வருஷத்தில் பாதி நாள் அந்த ஷாஃப்ட் ஈரத்திலேயே கிடக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்றும் சேர்த்து. அங்கே தேய்மானத்தைவிடத் துருதான் பெரிய தொல்லை. பின் துருவேறி யோக்கோடு ஒட்டிக்கொள்ளும். பின் சுழல வேண்டிய இடத்தில் சுழலாவிட்டால் பெடல் தண்டின் ஓட்டை முட்டை வடிவத்தில் அரைபடும், சில சமயம் புஷ் ராடே வளையும். இறுகிய பின்னைச் சுத்தியலால் அடித்து எடுப்பதைப் பார்த்தால் உடனே தடுக்கவும். துருநீக்கி ஸ்பிரே அடித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, யோக்கின் மறுபுறம் ஒரு சாக்கெட்டை முட்டுக்கொடுத்து சி-கிளாம்ப்பால் நெருக்கினால் வந்துவிடும்.

கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் ஒரே ஷாஃப்டில் ஊசலாடுகிற வண்டிகளில் இன்னொரு சோதனையும் உண்டு, நல்ல மெக்கானிக் சொல்லாமலே செய்வார்: கிளட்ச்சை மிதித்துக்கொண்டு பிரேக் பெடலைப் பார்ப்பது. அதுவும் கூடவே ஒரு நூல் இறங்கினால் ஷாஃப்ட் இறுகிக்கொண்டிருக்கிறது. கியர் மாற்றும்போதெல்லாம் பிரேக் லேசாகப் பிடிக்கும், ஓட்டுபவர் எஞ்சினில் இழுவை இல்லை என்று கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

புதுக் கேரேஜ்களில் இந்தக் கண் கிடையாது. அங்கே வேலை சாமானாகத்தான் கணக்கிடப்படும், பில்லில் ஏறக்கூடிய சாமான் எதுவோ அது மாற்றப்படும். பெடல் மூட்டின் பின்னுக்குத் தனி பார்ட் நம்பரைத் தேடி ஆர்டர் போடுவதைவிட மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவது அவர்களுக்கு எளிது. "முதலில் பின் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அதுக்கப்புறம் பேசுவோம்" என்று வாயைத் திறந்து கேட்டால் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் இல்லை.

லேத்

மாவட்டத்தின் பெருமை என்று சொல்லத்தக்கது இதுதான். படகு எஞ்சின் சாமான், ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் ரோலர் என்று அளவு தப்பினால் ஆகாத வேலைகளைச் செய்து பழகிய லேத்துக்காரர்களிடம் ஒரு கிளவிஸ் பின் கொண்டுபோனால் விளையாட்டாகச் செய்து தருவார்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போக வேண்டும்.

பழைய பின்னைத் துடைத்து வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். தலைக்கு அடியிலும் நுனியிலும் ஒரே அளவு காட்டும், நடுவில் பெடல் தண்டு உட்கார்ந்த இடத்தில் குறைந்திருக்கும். நகத்தை ஓட்டினால் படி தட்டும். தலைக்கு அடியில் இருக்கிற, தேயாத அளவுதான் அசல் அளவு. தேய்ந்த இடத்தை அளந்து அதே அளவில் புதுப் பின் செய்துவிட்டு ஆட்டம் போகவில்லை என்று புலம்புகிறவர்களும் உண்டு. அடுத்தது ஓட்டை. பெடல் தண்டிலும் யோக்கின் இரண்டு காதுகளிலும் நெட்டாகவும் குறுக்காகவும் இரண்டு வாக்கில் அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் ஓட்டை நீண்டுவிட்டது, புதுப் பின் மட்டும் போட்டுப் பயன் இல்லை.

ஓட்டை நீண்டிருந்தால் இரண்டு வழி. ஒன்று, வெல்டு வைத்து நிரப்பி மறுபடி துளையிடுவது. இதைப் பெடலை வண்டியிலிருந்து கழற்றிய பிறகே செய்ய வேண்டும், கை ட்ரில்லில் அல்ல, பெஞ்ச் ட்ரில்லில். வண்டியில் வைத்தே ஆர்க் அடித்தால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பூட் (தூசி புகாமல் மூடும் உறை) வெந்துபோகும். இரண்டாவது வழி நல்ல வழி: ஓட்டையைப் பெரிதாக்கி கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் இறக்குவது. படகு வேலை செய்கிற இடங்களில் கன்மெட்டல் துண்டு எப்போதும் கிடக்கும். புஷ் சுவர் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதற்கேற்ற சதை பெடல் தண்டில் மிஞ்சுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். புஷ்ஷை இறுக்கி அடித்து இறக்கியதும் அதன் உள் விட்டம் சற்றுச் சுருங்கும். எனவே இறக்கிய பிறகுதான் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) ஓட்ட வேண்டும். முதலிலேயே கடைந்து வைத்து இறக்கினால் பின் நுழையாது, பிறகு எமரித்தாள் சுற்றித் தேய்த்து ஓட்டையைக் கோணலாக்குவார்கள். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.1 மி.மீ. விட்டால் போதும்: கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது.

பின்னுக்கு ஈஎன் 8 என்ற கடினமான எஃகு ராடு கேளுங்கள். சாதாரண எம்எஸ் (மென் எஃகு) ராடில் செய்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, சீக்கிரம் தேயும். இங்கே லேத்துக்காரர்கள் நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொல்வார்கள்: "கடக்கரை வண்டியா? எஸ்எஸ்ஸில் போட்டுரலாம், துருவே பிடிக்காது." துரு பிடிக்காது என்பது உண்மை. ஆனால் 304 ஸ்டெயின்லெஸ் மென்மையானது, இரும்பு ஓட்டையில் நேராக உரசினால் ஒன்றையொன்று பிறாண்டி ஒட்டும். கன்மெட்டல் புஷ் இறக்கி கிரீஸும் வைத்தால் எஸ்எஸ் பின் நல்ல தேர்வுதான். வெற்று இரும்பு ஓட்டைக்கு வேண்டாம். ஈஎன் 8 பின்னில் துத்தநாகப் பூச்சு போட்டுக்கொள்வது போதும்.

8 மி.மீ. பின்னுக்கு ஸ்பிளிட் பின் ஓட்டை 2 மி.மீ., 10 மி.மீ. பின்னுக்கு 3.2. தலையும் ஓட்டையும் யோக்கின் வெளிப்புறத்தில் ஒரு வாஷர் தடிமனுக்கு இடம் விட்டு அமைய வேண்டும். பின்னுக்குப் பதில் போல்ட் நட்டு போட்டுத் தரச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். போல்ட்டின் மரை ஓட்டையை அரம் போல் ராவிவிடும். நட்டை இறுக்கினால் யோக்கின் காதுகள் நெருங்கி மூட்டே இறுகும், தளர்த்தி விட்டால் ஒருநாள் கழன்று விழும். எவ்வளவு அவசரமானாலும் வேண்டாம்.

ஸ்பேர் கடை

தொங்கும் பெடலுள்ள மாருதிக்கு நைலான் புஷ் ஜோடியாகக் கிடைக்கும். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாகப் போட்டால் பெடல் சாய்ந்து உட்காரும். வாங்கும்போது ஷாஃப்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே நுழைத்துப் பாருங்கள். அளவு சரியில்லாத மாற்றுத் தயாரிப்புகள் நிறைய வருகின்றன. நகத்தால் அழுத்தினால் குழி விழுகிற புஷ் நைலானே இல்லை. அம்பாசடர், பத்மினிக்கு ஸ்பேர் கடையில் தேடுவது வீண் அலைச்சல், லேத்துக்கே போய்விடலாம்.

ரிட்டர்ன் ஸ்பிரிங் விஷயத்தில் கடைக்காரர்கள் "இதுவும் அதே நீளம்தான் சாரே" என்று வேறு வண்டி ஸ்பிரிங்கைக் கையில் கொடுப்பார்கள். நீளம் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. கம்பித் தடிமன், சுற்று எண்ணிக்கை, கொக்கியின் திசை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நீளத்தைக் குறைக்க இரண்டு சுற்று வெட்டிவிட்டு நுனியைச் சூடாக்கிக் கொக்கி வளைத்தால், சூடான இடத்தில் டெம்பர் (ஸ்பிரிங்கின் விறைப்பு) போய் அங்கேயே முறியும். கடலோர வண்டிகளில் ஸ்பிரிங் பெரும்பாலும் கொக்கிக் கழுத்தில்தான் உடையும், துரு அங்கே தங்குவதால். உடல் பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

ஸ்பிளிட் பின் வாங்கும்போது பத்தாக வாங்கி வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மாவட்டத்துப் பட்டறைகளின் மேல் வைக்க வேண்டிய பெரிய குற்றச்சாட்டு இந்தச் சின்னச் சாமானைப் பற்றியதுதான். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டுகிறார்கள். ஒடிந்திருந்தால் கட்டுக்கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். ஆணியை வளைத்து மாட்டியிருந்த வண்டிகளும் உண்டு. இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் இருப்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. பின் கழன்று விழுந்தால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் தொடர்பே அறுந்துவிடும், இரண்டு சர்க்யூட்டும் சேர்ந்தே போகும். மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். வேலை முடிந்ததும், "அண்ணே, மாத்துன பழைய பின்னையும் ஸ்பிளிட் பின்னையும் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் இரண்டும் வந்தால்தான் புதிது போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அட்ஜஸ்ட்மென்ட்: எல்லோரும் கோட்டை விடும் இடம்

பின்னும் புஷ்ஷும் புதிதானதும் பெடல் ஆட்டம் குறையும். உடனே சிலருக்கு ஆசை வரும், இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினால் தொட்டதும் பிடிக்குமே என்று. வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்பார். மெக்கானிக் லாக் நட்டைத் தளர்த்தி புஷ் ராடை நீட்டிவிடுவார். வண்டியை எடுத்த அன்று பிரேக் அபாரமாக இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து கிளம்பி வில்லுக்குறி தாண்டுவதற்குள் வண்டி கனக்கத் தொடங்கும். தக்கலை வரும்போது கியரை நியூட்ரல் செய்தாலும் உருளாது. டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். இதற்குக் காரணம் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒரு ஊசித் துளை. பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தத் துளை திறந்திருக்கும். சூட்டில் விரிகிற பிரேக் ஆயில் அதன் வழியாக மேலே டப்பாவுக்குத் திரும்பிவிடும். புஷ் ராடு ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்து பிஸ்டனை முன்னால் தள்ளியபடியே வைத்திருந்தால் வாஷர் துளையை மூடிவிடும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, ஷூவைத் தள்ளும். ஷூ உரசினால் சூடு, சூடானால் இன்னும் விரிவு. லைனிங் கருகும் வாசனை வரும்வரை போகும். பிளே கொஞ்சமும் இல்லாத பெடல் கெட்ட செய்தி என்று மேலே சொன்னது இதனால்தான்.

வழியில் இப்படிப் பிடித்துக்கொண்டால் கண்டுபிடிக்கும் வரிசை இது. முதலில் ஸ்டாப் லைட் சுவிட்ச்சைப் பாருங்கள். பெடல் பிராக்கெட்டில் திருகி மாட்டும் சுவிட்ச் உள்ள வண்டிகளில், அதை அதிகமாக உள்ளே திருகியிருந்தால் அதுவே பெடலை மேலே வரவிடாமல் தடுத்து, மேலே சொன்ன அதே கோளாறை உண்டாக்கும். சுவிட்ச்சை இரண்டு சுற்றுப் பின்னால் எடுத்தும் விடவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டுவிட்டால் ராடு நீளம்தான் குற்றவாளி. விடவில்லை என்றால் சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விட்டால், நாலு சக்கரமும் பிடித்திருந்த பட்சத்தில் மாஸ்டர் சிலிண்டரின் துளை அடைப்பு, ஒரே சக்கரம் என்றால் உள்ளே வீங்கிப்போன ரப்பர் ஹோஸ். அதிலும் விடாவிட்டால் குறை டிரம்முக்குள்ளோ ஹேண்ட்பிரேக் கேபிளிலோ இருக்கிறது, பெடலைத் திட்டிப் பயன் இல்லை.

ராடு சரிசெய்வதில் அவசரம் கூடாது. சாதாரண எம்8 மரையில் ஒரு முழுச் சுற்று 1.25 மி.மீ. அரைச் சுற்று திருப்பினாலே பெடலில் 3 மி.மீ. மாறும். எனவே கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, ஒவ்வொரு முறையும் ஸ்கேலில் அளந்து போக வேண்டும். அளவு வந்ததும் ராடு சுழலாமல் பிளையரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும், இறுக்கும்போது பெரும்பாலும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ராட்டின் மரை யோக்குக்குள் குறைந்தது அதன் விட்டத்தின் அளவுக்காவது ஏறியிருக்க வேண்டும். அம்பாசடரில் இன்ச் மரை வரும். மில்லிமீட்டர் நட்டை அதில் பலமாக ஏற்றிக் கெடுத்து வைத்திருக்கும் வண்டிகள் பல.

பூஸ்டர் உள்ள வண்டியில் பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ளே இன்னொரு ராடு உண்டு. அதைக் கேஜ் இல்லாமல் தொடவே கூடாது. மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய மறுநாளே பிரேக் பிடித்துக்கொள்ளும் வண்டிகளில் இந்த உள் ராடும் ஒரு சந்தேக நபர்.

சுவிட்ச்சை மறுபடி அமைக்கும்போது பெடல் முழுதாக மேலே வந்த நிலையில் சுவிட்ச்சின் மரை முனைக்கும் பெடல் தட்டுக்கும் இடையே அரை முதல் ஒரு மில்லிமீட்டர் விடுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இருந்தால் நல்லது. பின்னால் ஒருவரை நிற்கவைத்து விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்: பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே எரிய வேண்டும், கால் எடுத்ததும் அணைய வேண்டும்.

கிரீஸும் சோதனை ஓட்டமும்

கிரீஸ் விஷயத்தில் எல்லாப் பட்டறைக்கும் குறைந்த மார்க்தான். பழைய எஞ்சின் ஆயிலைத் தூரிகையால் தடவிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது மூன்றே நாளில் வடிந்து, தூசியைச் சேர்த்து அரைக்கும். லித்தியம் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு பின்னுக்கு, ஷாஃப்ட் புஷ்ஷுக்கு மெல்லிய பூச்சு, சுவிட்ச் முனை தொடும் இடத்துக்கு ஒரு துளி. அதற்கு மேல் தேவை இல்லை. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பூட்டில் கிரீஸும் ஆயிலும் படவே கூடாது, பிரேக் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிப்போகும். டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்பவர்கள், அது ஏற்கனவே இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ரப்பர் பூட்டைத் தொடும் சந்தர்ப்பத்தில் அதன் உதட்டை ஒரு விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஆயில் கசிகிறது. அப்போது மட்டும் மாஸ்டர் சிலிண்டர் வேலை என்று பட்டறைக்காரர் சொல்வதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்ளலாம்.

சோதனை ஓட்டம் என்ற பெயரில் கேட் வரை ஓட்டிப் பிரேக் அடித்துக் காட்டுவது போதாது. பின் சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பெடலை ஐந்து முறை பலமாக மிதித்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். முன்பு போலவே சுழல வேண்டும். முன் சக்கரத்துக்கும் அப்படியே. பிறகு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, நாலு சக்கரத்தின் ஹப்பிலும் சூட்டை ஒப்பிட வேண்டும். கையை நேராக வைக்க வேண்டாம், தண்ணீர் தெளித்தாலே தெரியும். நாலும் சேர்ந்து ஒரே மாதிரி கொதித்தால் பெடல் பக்கத்துக் கோளாறு. இதைச் செய்து காட்டுகிற பட்டறை கிடைத்தால் அந்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள்.

15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள்தான். ஆனால் பின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்பிளிட் பின் இருக்கிறதா, கம்பி இருக்கிறதா என்பது அந்தச் சோதனையில் தெரிய வராது. அதை நம்பி விட்டுவிட முடியாது. மே மாதக் கடைசியில் ஒருமுறை, வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை, ஆண்டுக்கு இரண்டு தடவை மூட்டைப் பார்த்து கிரீஸ் வைத்தால் கடலை விட்டுத் தள்ளி ஓடும் வண்டிகளுக்குப் போதும். கடலோர வண்டிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

பெடல் ரப்பரையும் தரை விரிப்பையும் இந்த வேலையோடு சேர்த்தே முடித்துக்கொள்ளலாம். ரப்பர் வழுவழுப்பாகி நடுவில் இரும்பு தெரிகிற பெடலில், மழைக்காலத்தில் நனைந்த ரப்பர் செருப்பு நிற்காது. கயிற்று விரிப்பின் மேல் ரப்பர் விரிப்பு என்று இரண்டடுக்கு போட்டிருந்தால் பெடலின் கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரை அதுவே தின்றுவிடும். பெடலுக்கு அடியில் ஒரே விரிப்பு, அதுவும் நகராமல் கிளிப் போட்டது. புது ரப்பர் பழையதைவிடத் தடிமன் என்பதால் ஸ்கேலில் காட்டும் பெடல் உயரம் மாறும். எனவே ரப்பரை முதலில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு பிளேயும் உயரமும் அளக்கச் சொல்லுங்கள்.